ஏழு பேர், ஏழு நாய்கள், மூழ்கிப்போன ஒரு கண்காட்சி

காஞ்சிபுரத்திலிருந்து ஏழு வெள்ளாளர்கள் ஏழு நாய்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். கங்குந்தி வேடர்கள் பெண் கேட்டு வந்தபோது காஞ்சிக்காரர்கள் ஏளனமாகப் பேசி அனுப்பியிருக்கிறார்கள். போன வேடர்கள் சும்மா போகாமல் ஏழு பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களை மீட்கப் புறப்பட்டவர்கள் வீட்டில் சொல்லிவிட்டுப் போனது இதுதான்: “நாய் மட்டும் திரும்பி வந்தா நாங்க போய்ச் சேந்துட்டோம்னு வச்சுக்கோங்க. ஆக வேண்டியதைப் பாத்துடுங்க.”

பாலாற்றில் வெள்ளம். (வேலூர்க்காரர்கள் இந்த இடத்தில் சிரிப்பை அடக்கிக்கொள்ள வேண்டும். அப்போதெல்லாம் பாலாற்றில் தண்ணீர் ஓடியது.) ஏழு பேரும் தத்தளித்து அக்கரை சேர்ந்தார்கள். நாய்கள் பாதி ஆறு வரை நீந்தின, நிலைமையைப் பரிசீலித்தன, திரும்பி வீட்டைப் பார்க்க நடந்துவிட்டன. அவற்றைக் குறை சொல்ல முடியாது. பெண் கேட்டு வந்தவர்களை ஏளனம் செய்தது நாய்கள் இல்லையே.

நாய்கள் ஊருக்குள் நுழைந்ததும் காஞ்சி சுறுசுறுப்பானது. ஒப்பாரி, தாலி அறுப்பு, கருமாதி எல்லாம் அடுத்தடுத்து முடிந்தன. நம் நகரங்களில் ஒரு வேலை இவ்வளவு சீக்கிரம் முடிந்ததற்கு வேறு சான்று கிடைப்பது கஷ்டம். அங்கே வேடர்களை முடித்துவிட்டு ஏழு பேரும் உயிரோடு ஊர் திரும்பினால், வீட்டில் மனைவிமார் வெள்ளைச் சேலையில். தெருவில் பெரியவர்கள், “நீங்கதான் செத்துட்டீங்களே” என்கிறார்கள். செத்தவன் நேரில் வந்து நின்றால் எந்தக் காலத்து நிர்வாகமும் அவனைவிடத் தன் பதிவேட்டைத்தான் நம்பும். காரியம் நடந்துவிட்டது, சாதியில் இனி இடம் கிடையாது. ஏழு பேரும் வேடர் பெண்களைக் கட்டிக்கொண்டு ஜவ்வாது மலையேறி, உழுது பிழைத்தார்கள். மலையாளிகள் என்று அழைக்கப்படும் அந்த மலைமக்களின் முன்னோர் இவர்கள்தான் என்பது கதை. ஆர்தர் காக்ஸ் துரை 1881இல் வட ஆற்காடு மாவட்ட மேனுவலில் இதை எழுதிவைத்தார். எட்கர் தர்ஸ்டன் 1909இல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தன் தொகுதிகளில் எடுத்துப் போட்டுக்கொண்டார். மீட்கப்பட்ட ஏழு பெண்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று இரண்டு துரைகளும் கேட்கவில்லை. நாய்களுக்குக் கிடைத்த வரிகள்கூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

எந்த வழியாக மலையேறினார்கள்? வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாகப் போகிறவனுக்கு ஜவ்வாது மலையின் வாசல் அமிர்தி. ஆகவே அமிர்தி வழியாகத்தான் என்று நானே முடிவு செய்துவிட்டேன். மறுத்துச் சாட்சி சொல்ல யாரும் இல்லை. நாய்கள் அப்போது காஞ்சியில் இருந்தன.

இந்தக் கதையை நான் தமிழ்நாட்டு நகரமைப்பு வரலாற்றின் முதல் அத்தியாயமாக வைக்கிறேன். காரணம் இருக்கிறது. சென்னையில் கட்டடக்கலைக்கும் நகர வடிவமைப்புக்கும் ஒரு பண்பாட்டு மையம் வேண்டும், அங்கே ஊரின் மாதிரி உருவம், பழைய வரைபடம், வரப்போகும் திட்டம் எல்லாம் பொதுமக்கள் பார்க்கக் கிடைக்க வேண்டும் என்று வெளிநாடு போய்வந்தவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். பாரிஸ் மாநகரம் 1988இலேயே அப்படி ஒன்றைத் திறந்துவிட்டதாம். இதில் பெருமூச்சுக்கு இடமே இல்லை. அப்படிப்பட்ட சரக்கு நமக்காக 1914லேயே கப்பலேறிவிட்டது. இப்போதும் இருக்கிறது, மினிக்காய் தீவுப் பக்கம், கடலுக்கு அடியில். நகரத்தைக் காட்சிக்கு வைக்க நினைப்பவர்களுக்கு நம் பக்கத்தில் ஒரே விதிதான்: காட்டவேண்டிய பொருள் கைக்கு வந்து சேராது, சேர்ந்தாலும் வேறு எங்காவது கிளம்பிவிடும். அந்த ஏழு பேரே காஞ்சி தொலைத்த முதல் காட்சிப்பொருட்கள்.

மலையேறியவர்களுக்கு அங்கே ஏற்கெனவே வீடுகள் காத்திருந்தன என்பது இன்னொரு வேடிக்கை. ஜவ்வாது மலையில் கல்திட்டைகள் உண்டு. பக்கத்துக்கு ஒரு பலகைக்கல், மேலே மூட ஒரு பெரிய பலகைக்கல், சிலவற்றில் முன்கல்லில் வட்டமாக ஒரு துளை. பெருங்கற்காலத்து மனிதர்கள் செத்தவர்களுக்காகக் கட்டியவை. இத்தனை சின்ன வீட்டில் யார் குடியிருந்திருப்பார்கள் என்று பிற்காலத்தவர் மண்டையைக் குடைந்து, குள்ளர் வீடு என்றும் வாலியர் வீடு என்றும் பாண்டவர் வீடு என்றும் தமிழ்நாடு முழுக்கப் பெயர் வைத்தார்கள். பாண்டவர்கள் வனவாசத்தில் இத்தனை வீடு கட்டியிருந்தால் திரௌபதிக்கு வாசல் தெளிக்கவே பொழுது போதாமல் போயிருக்கும். நாலைந்து கல், சுண்ணாம்பு கிடையாது, 2,000 ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. ஊரார் ஏட்டில் செத்துப்போன ஏழு பேருக்குச் செத்தவர்களின் வீடுகளே வரவேற்பு கொடுத்தன.

அவர்கள் விட்டுவிட்டு வந்த காஞ்சியோ நகரங்களில் சிறந்தது என்று பேர்பெற்ற ஊர். அப்படி என்ன இருந்தது அதில்? தேர். எங்கள் பக்கத்துப் பொறியாளர்களிடம் இதைச் சொன்னால் பக்தி என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் சொல்வது தெரு அகலம். தேர் நேராகப் போகும், ஆனால் லேசில் திரும்பாது. நாலு முனையிலும் அதைத் திருப்ப இடம் வேண்டும். அதற்காகத் தேரோடும் வீதி அகலமாகவே இருந்தாக வேண்டும். திண்ணையை ஒரு முழம் முன்னால் இழுத்துக் கட்டியவன் வீட்டு எதிரே, ஆண்டுக்கு ஒருமுறை சாமியே நேரில் வந்து நிற்கும். வடம் பிடித்து ஆயிரம் பேர் பின்னால் நிற்பார்கள், அத்தனை பேரும் அந்தத் திண்ணையைப் பார்ப்பார்கள். ஆக்கிரமிப்பு அகற்றும் துறைக்கு இதைவிடச் சிறந்த அதிகாரியை இதுவரை எந்த அரசாங்கமும் நியமிக்கவில்லை. லஞ்சம் கொடுக்கலாம், வாங்கவும் வாங்குவார். அதற்காக வழியை மாற்றிப் போகமாட்டார்.

அரசர்கள் இந்த ஒழுங்குக்கு அடங்கியவர்கள் இல்லை. மதுரையில் திருமலை நாயக்கர் 1636 வாக்கில் மகால் கட்டினார். பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றினார். அங்கே அரண்மனை வேண்டும். புதிதாகச் செதுக்க நேரமாகும். தாத்தா வீடுதான் சும்மா கிடக்கிறதே என்று, பிரித்து வண்டியேற்றச் சொல்லிவிட்டார். மரவேலையும் தூண்களும் அலங்காரங்களும் திருச்சி போயின. நாம் இன்று டிக்கெட் வாங்கி அண்ணாந்து பார்க்கிற மகால், பேரன் வேண்டாமென்று விட்டுவிட்டுப் போன மிச்சம். பழைய வீட்டை இடித்தால் கதவு நிலையை மட்டும் எடுத்துப் புது வீட்டுக்குப் பொருத்துகிற நம் குடும்பத்து வழக்கத்துக்கு ராஜமுத்திரை இப்படித்தான் கிடைத்தது.

அடுத்து மதுரைக்கு வந்தவர் பிளாக்பர்ன். 1830களிலும் 40களிலும் கலெக்டர். ஊர் கோட்டைக்குள் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது, சுற்றிலும் அகழி நாறிக்கொண்டிருந்தது. கோட்டையை இடிக்கக் கம்பெனி காசு தராது. துரை ஒரு யோசனை செய்தார்: சுவரை இடித்து அதே மண்ணால் அகழியை மூடுகிறவனுக்கு அந்த இடமே சொந்தம். மதுரைக்காரனிடம் போய் ‘வேலை செய்’ என்றால் ஆயிரம் காரணம் சொல்லுவான். ‘இடம் உனக்குத்தான்’ என்றால் கடப்பாரையோடு வந்து நிற்பான். பல தலைமுறை எதிரிகளால் ஆகாத காரியத்தை மதுரை ஜனங்கள் தாங்களே செய்து முடித்தார்கள். அளந்து கொடுத்தவர் மாரட் என்ற சர்வேயர். வேலையை நடத்தியவர் பெருமாள் மேஸ்திரி. இரண்டு பேர் பேரிலும் வீதி இருக்கிறது. மாரட் வீதியை மராட்டிய வீதி என்று எண்ணி வீரசிவாஜி நினைப்பில் நடப்பவர்களும் உண்டு, நடக்கட்டும். எனக்குப் பிடித்தது பெருமாள் மேஸ்திரி வீதி. உலகத்தில் கட்டட வல்லுநர் பேரில் தெரு வைக்கிற ஊர் பல இருக்கலாம். மேஸ்திரி பேரில், மேஸ்திரி என்ற பட்டத்தோடேயே வைத்தது மதுரை. துரைக்கு ஊரார் நன்றியாக நட்ட தூண் விளக்குத்தூண் என்ற பேரில் இன்றும் நிற்கிறது. அதைச் சுற்றிப் போகிற ஜவுளிக்கூட்டத்தில் பிளாக்பர்ன் யாரென்று தெரிந்தவரைக் கண்டுபிடித்தால் அவருக்கும் ஒரு தூண் நடலாம்.

இனி கப்பல் கதை.

ஸ்காட்லாந்தில் பேட்ரிக் கெடஸ் என்று ஒரு தாவரவியல் பேராசிரியர். 1854இல் பிறந்தவர். டண்டீ கல்லூரியில் செடிகொடி பாடம் நடத்த வேண்டியவர், ஊர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அதுவும் தாடிக்குள் பேசுவார். முதல் வரிசையில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும் என்பார்கள். கேட்ட பாதியை வைத்துக்கொண்டு உலகம் முழுக்க நகரமைப்புத் துறையே கிளம்பிவிட்டது. 1892இல் எடின்பரோவில் ஒரு பழைய கோபுரத்தை எடுத்து, ஒரு நகரத்துக்கான பார்வைக்கூடம் ஆக்கினார். வந்தவர்களை மூச்சிரைக்க மேல்மாடிக்கு ஏற்றிவிடுவார். அங்கே இருட்டறையில் ஒரு வில்லையும் கண்ணாடியும் வெளியே ஓடுகிற ஊரை அப்படியே வெள்ளை மேசையில் விழவைக்கும். பிறகு ஒவ்வொரு மாடியாக இறங்க வேண்டும்: முதலில் எடின்பரோ, அப்புறம் ஸ்காட்லாந்து, கடைசியில் கீழே உலகம். முதலில் உன் தெருவைப் பார், அப்புறம் அண்டத்தைப் பேசு என்பது ஏற்பாடு. நம் ஊரில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். டீக்கடையில் உக்ரைனில் தொடங்கினால் தெருச் சாக்கடைக்கு வருவதற்குள் டீ ஆறிவிடும்.

அவர் போட்ட இன்னொரு படம் நமக்கு இன்னும் நெருக்கம். மலையிலிருந்து கடல்வரை ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கைக் குறுக்கே வெட்டிக் காட்டுகிற படம். மேலே சுரங்கக்காரன், மரம் வெட்டுபவன், வேட்டைக்காரன். நடுவில் ஆடு மேய்ப்பவன், உழவன். கீழே தோட்டக்காரன், கடற்கரையில் மீனவன். நகரம் என்பது இவர்கள் எல்லோரும் சேர்ந்து கட்டியது, ஆகவே நகரத்தைத் தெரிந்துகொள்ள ஆறு புறப்படும் மலைக்குப் போ என்பது அதன் பொருள். இதை நம் பக்கத்துக்குப் போட்டுப் பாருங்கள். ஜவ்வாது மலையில் செய்யாறு பிறக்கிறது; காஞ்சிக்குக் கீழே திருமுக்கூடலில் பாலாற்றோடும் வேகவதியோடும் சேர்கிறது; பிறகு கடல். மேல் முனையில் சாமை விதைக்கிற மலையாளி, கீழ் முனையில் வலை போடுகிற மீனவர், நடுவில் பட்டு நெய்கிற காஞ்சி. கெடஸ் படம் வரைவதற்கு எத்தனையோ காலம் முன்னால் ஏழு பேர் அதே படத்தைக் கீழிருந்து மேலாக நடந்தே போட்டிருக்கிறார்கள். டிகிரி மட்டும்தான் கிடைக்கவில்லை.

கெடஸ் ‘நகரங்கள் கண்காட்சி’ என்று ஒன்றைச் சேர்த்து வைத்திருந்தார். ஊர் ஊரான வரைபடங்கள், திட்டங்கள், ஓவியங்கள், புகைப்படங்கள். 1911 முதல் லண்டன், டப்ளின் என்று சுற்றி, 1913இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் ஜெர்மானியர் கொண்டுவந்த பிரமாண்டமான அரங்கையே ஓரங்கட்டிப் பரிசு வாங்கியது. அப்போது சென்னைக்குக் கவர்னராக இருந்தவர் பென்ட்லண்ட் பிரபு. அவர் கெடஸுக்குப் பழைய சிநேகிதர். கண்காட்சியோடு மதராசுக்கு வாருங்கள் என்று அழைத்தார். மூட்டை கட்டினார்கள். நகரங்கள் அனைத்தும் கிளான் கிராண்ட் என்ற கப்பலில் ஏறின. பேராசிரியர் தன் மகன் அலாஸ்டரோடு வேறு கப்பலில் வந்தார். அப்போதுதான் உலகப் போர் தொடங்கியிருந்தது.

ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் முதலில் சென்னையைக் கவனித்தது. 1914 செப்டம்பர் 22 இரவு, துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று விளக்கைப் போட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைப் பார்த்துச் சுட்டது. ஏறக்குறைய 130 குண்டுகள். தொட்டிகள் எரிந்த வெளிச்சத்தில் சென்னை தன்னைத் தானே முதன்முறையாக முழுதாகப் பார்த்துக்கொண்டது. மறுநாளிலிருந்து வசதி உள்ளவர்கள் வண்டி கட்டிக்கொண்டு உள்நாட்டுக்குக் கிளம்பினார்கள். காஞ்சி ஏழு பேர் காலத்திலிருந்தே ஆபத்துக்கு நம் பதில் ஒன்றுதான்: மேற்கே நட.

பிறகு எம்டன் தெற்கே சுற்றிக்கொண்டு அரபிக்கடல் பக்கம் போய், அக்டோபர் 16ஆம் தேதி மினிக்காய்க்கு அருகில் கிளான் கிராண்டைப் பிடித்தது. கேப்டன் வான் முல்லர் கனவான். ஆட்களை மரியாதையாக இறக்கிக்கொண்டு, பிறகுதான் கப்பலை மூழ்கடிப்பார். அப்படியே நடந்தது. ஏதென்ஸும் ரோமும் பாரிஸும் எடின்பரோவும் ஒரே நாளில் தண்ணீருக்குள் போயின. கென்டில் தோற்ற ஜெர்மனி, கணக்கை இங்கே நேர் செய்துகொண்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முல்லருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் விதி என்ற ஒன்று ஜெர்மன் படித்திருக்கிறது.

காட்டவேண்டிய பொருள் இல்லாமல் வந்து இறங்கிய பேராசிரியர் அழவில்லை. கண்காட்சி மூழ்கினால் என்ன, ஊர்கள் மூழ்கவில்லையே என்று நம் ஊர்களைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். என் கணிப்பில் தமிழ்நாட்டுக்கு எம்டன் செய்த மிகப் பெரிய உபகாரம் இது. பெட்டி வந்து சேர்ந்திருந்தால் மனிதர் சென்னையில் உட்கார்ந்து நமக்கு ரோமாபுரியை விளக்கிக்கொண்டிருப்பார். இங்கிலாந்தில் நண்பர்கள் அவசர அவசரமாக மறுபடியும் படங்களைத் திரட்டி அனுப்பினார்கள். 1915 ஜனவரியில் சேப்பாக்கம் செனட் ஹவுஸில் கண்காட்சி நடந்தது. கட்டடக்கலைஞர் சிஷோம் கட்டிய அந்த மண்டபத்தின் குவிமாடங்களுக்குக் கீழே, தாடிக்குள் பேசுகிற ஒருவர் ஊர் என்றால் என்ன என்று மதராஸ் கனவான்களுக்கு விளக்கினார். எத்தனை பேருக்குக் கேட்டது என்பதைப் பிற்காலத்துச் சென்னையைப் பார்த்து நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அதன் பிறகு மதராஸ் மாகாணத்து ஊர்களைச் சுற்றி அறிக்கை எழுதினார். தஞ்சாவூர், மதுரை, காஞ்சிபுரம் எல்லாம் அதில் வரும். நகராட்சிப் பொறியாளர்கள் அப்போது ஒரே மருந்து வைத்திருந்தார்கள்: நெரிசலான தெருவா, நடுவே அளவுகோலை வைத்துக் கோடு கிழி, குறுக்கே நிற்பதை இடி. கெடஸ் அந்தக் கோடு போகும் வழியைத் தெருவில் நடந்தே பார்ப்பார். இங்கே ஒரு பாழ்வீடு, அதை மட்டும் எடு. அங்கே ஒரு மரம், அதை விடு. இந்தக் கிணற்றைத் தூர்க்காதே. அந்த முடுக்கை இரண்டு அடி அகலமாக்கு, போதும். நோய் என்னவென்று பார்க்காமல் கத்தியை எடுக்காதே என்று மருத்துவர் பாஷையிலேயே சொன்னார். செலவும் பல மடங்கு குறையும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த யோசனை ஏன் பரவவில்லை என்பதற்கான விடை அந்தக் கடைசி வாக்கியத்திலேயே இருக்கிறது. செலவு குறைகிற திட்டத்தை எந்த ஒப்பந்தக்காரர் தூக்கிக்கொண்டு திரிவார்?

காஞ்சிபுரத்தைப் பார்த்து மனிதர் சொக்கிப்போனார். கோயில்கள் மட்டும் இல்லை. அகன்ற வீதி, வீட்டுக்குப் பின்னால் தோட்டம், தென்னை என்று இங்கிலாந்தில் அப்போதுதான் புதுசாகப் பேசிக்கொண்டிருந்த தோட்ட நகரத்தின் தரம் இங்கே பழங்காலத்திலேயே இருக்கிறதே என்று எழுதினார். ஊரார் பெருமைப்பட்டார்கள். துரை சொன்னால்தான் நம் தெரு அகலம் என்று நமக்குத் தெரியும்.

1917இல் இந்தூரில் இன்னும் ஒருபடி மேலே போனார். பிளேக் நோய். ஜனங்கள் இவரை வீடு இடிக்க வந்தவர் என்று பயந்தார்கள். மகாராஜாவிடம் ஒரு நாள் ராஜா பதவி வாங்கிக்கொண்டு, தீபாவளிக்கு ஊர்வலம் விட்டார். எந்தத் தெரு சுத்தமாக இருக்கிறதோ அந்தத் தெரு வழியாகத்தான் ஊர்வலம் வரும் என்று அறிவிப்பு. ஊரே துடைப்பம் எடுத்தது. யானை, குதிரை, தேர், நடுவில் பிரம்மாண்டமான எலி, கடைசியில் அதற்குக் கொள்ளி. தேருக்காகத் தெரு ஒழுங்காகும் என்ற நம் பழைய சூத்திரத்தைத்தான் பேராசிரியர் இந்தூருக்கு விற்றிருக்கிறார் என்று எனக்குச் சந்தேகம்; காஞ்சிக்கு ராயல்டி வரவில்லை.

கப்பல் என்றதும் வேலூரை விட்டுவிட முடியாது. கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்தைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் மயங்கி, அதைக் கல் கல்லாகப் பிரித்து இங்கிலாந்துக்கு ஏற்றிப்போய் நிறுத்த ஏற்பாடு செய்தார்கள் என்றும், ஏற்றவேண்டிய கப்பல் உடைந்துபோனதால் மண்டபம் தப்பியது என்றும் கதை. ஆக நமக்கு வரவேண்டியதும் கடலில் போயிற்று, நம்மிடமிருந்து போகவேண்டியதும் கடலால் நின்றது. சரிக்குச் சரி. அந்தக் கோயிலில் மண்டபம் மட்டும்தான் தங்கியது; மூலவர் வெகுகாலம் சத்துவாச்சாரியில் குடியிருந்துவிட்டு 1981இல்தான் வீடு திரும்பினார்.

மதுரைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1912இல் அடலின் பெப்பர் கிப்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி, மதனகோபாலசுவாமி கோயில் வளாகத்தில் குவிந்துகிடந்த தூண்களையும் கற்களையும், 60க்கும் மேற்பட்டவை, விலைக்கு வாங்கி பிலடெல்பியாவுக்கு அனுப்பினார். கப்பல் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. எம்டன் அப்போது வேலைக்கு வரவில்லை. அவர் இறந்ததும் 1919இல் குடும்பத்தார் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் அங்கே நம் மண்டபம், குளிர்சாதன வசதியோடு, பிசுக்கு இல்லாமல், யாரும் விபூதி தடவாமல் இருக்கிறது. செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர் எடுத்துப்போன தூண்கள் புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. காந்திக்குப் பக்கத்தில் நிற்பதால் திருட்டுப் பழியை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் கோயில் செய்தேன் என்று கல்வெட்டில் மார்தட்டியிருக்கிறான். கலைப்பெருமை என்று படித்துவிட்டுப் போகிறார்கள். நம் வழக்கம் தெரிந்தவனுக்கு உண்மைக் காரணம் புரியும். குன்றோடு சேர்த்துக் குடைந்தால் பேரன் பிரித்து எடுத்துப்போக முடியாது.

கெடஸ் வந்துபோன சூட்டில் 1920இல் மதராஸ் நகரமைப்புச் சட்டம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மாம்பலத்துப் பெரிய ஏரியை வற்றவைத்துத் தியாகராய நகர் எழுந்தது. நடுவில் பனகல் பூங்கா, சுற்றிலும் கிளைபிரியும் சாலைகள், தெருவெல்லாம் நீதிக்கட்சிப் பெரியவர்கள் பேர். வரைபடத்தில் அழகுதான். ஏரிக்கு மட்டும் தகவல் சொல்ல மறந்துவிட்டார்கள். அது ஒவ்வொரு மழைக்கும் பழைய முகவரிக்கே வந்து நிற்கிறது, செத்துவிட்டதாக அறிவிக்கப்பட்ட ஏழு பேர் வந்து நின்ற மாதிரி.

1984இல் டெபோரா தியாகராஜன் மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் தொடங்கினார். 1996இல் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா திறந்தது. லாரி பேக்கர் திட்டம் போட்டார். செட்டிநாட்டு வீடு, அக்கிரகாரத்து வீடு, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் வீடு, ஆந்திரக் கடலோரத்து வட்டக் குடிசை என்று இடிபடவிருந்த வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தினார்கள். சொக்கநாதர் வேலைதான், ஆனால் இந்த முறை தாத்தா வீட்டைப் பேரன் கைவிட்ட பிறகு, பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர் எடுத்துப்போனார். நான் பார்த்தவரை, இந்த வரலாற்றில் இடம் மாறி நல்ல வாழ்க்கை வாழ்கிற கட்டடங்கள் இவைதான். ஞாயிற்றுக்கிழமையானால் அந்த முற்றங்களில் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்கிற ஜோடிகள். எடுத்து முடித்ததும் முற்றம் இல்லாத மூன்றாம் மாடி பிளாட்டுக்குப் போய்க் குடித்தனம் வைக்கப்போகிறவர்கள்.

ஜவ்வாது மலையின் அந்தப் பக்கம், காவலூரில், நகரத்தைப் பார்க்கவே கூடாது என்று மலையேறியவர்களும் இருக்கிறார்கள். வானியலாளர்கள் 1792இல் நுங்கம்பாக்கத்தில் தொடங்கினார்கள், 1899இல் கொடைக்கானலுக்குப் போனார்கள், 1960களின் கடைசியில் வைணு பாப்பு இருட்டைத் தேடிக் காவலூருக்கு வந்தார். ஊர் வெளிச்சம் எட்டாத இடம் வேண்டும் என்பதே நிபந்தனை. 1977இல் யுரேனஸுக்கு வளையம் இருப்பது தெரியவந்தபோது அந்தக் காட்சியைப் பதிவு செய்த இடங்களில் இந்தக் காவலூரும் ஒன்று. கெடஸ் கோபுரத்தில் வில்லையைக் கீழே திருப்பினார். இவர்கள் மேலே திருப்பினார்கள். இரண்டு கூட்டமும் சொன்னது ஒன்றுதான்: ஊருக்குள் நின்றால் எதுவும் தெரியாது.

அமிர்தியில் அரசாங்கம் 1967இல் விலங்குக் காட்சிசாலை திறந்தது. மான், மயில், முதலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வேலூர் அங்கே வந்து இறங்குகிறது. நகரவாசிகள் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று நிலக்கடலை தின்றபடி மானைப் பார்க்கிறார்கள். மான்கள் அந்தப் பக்கம் நின்று அதே அக்கறையோடு நகரவாசிகளைப் பார்க்கின்றன. இந்த மாவட்டத்தில் நகர வாழ்க்கையை ஆராய்கிற நிலையம் என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் எனக்கு இந்த மான்களைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

நகரத்துக்குள்ளும் முயற்சி நடக்காமல் இல்லை. 2016இல் வேலூர் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. தெருக்களைத் தோண்டிக் கான்கிரீட் போட்டார்கள். 2022 ஜூனில், தெருவில் இரவு நிறுத்தியிருந்த ஒரு மோட்டார் சைக்கிளைக் காலையில் பார்த்தால், அது நின்ற இடத்திலேயே நிற்க, சக்கரங்களோடு சேர்த்துச் சாலை போடப்பட்டிருந்தது. படம் நாடெங்கும் சுற்றியது. காட்சிப்பொருள் கையைவிட்டுப் போய்விடும் என்ற பழைய சாபத்துக்கு வேலூர் கண்டுபிடித்த விடை அது. மகேந்திரவர்மன் குன்றையே நம்பியிருந்தான், இவர்களுக்கு எம்-சாண்டும் சிமென்டும் போதுமாயிருந்தது. ஆனால் அதையும் வைத்துக்கொள்ளக் கொடுத்துவைக்கவில்லை. உடைத்து வண்டியை எடுத்துவிட்டார்கள். ஆகஸ்டில் அதே ஊரில் கழிவுநீர்க் கால்வாய் கட்டியவர்கள், குறுக்கே இருந்த அடிபம்பை எடுக்காமல் அதையும் உள்ளேயே வைத்துக் கட்டினார்கள்.